சாப்பாட்டு மேசையில் தொடங்கும் வைத்தியம்



சென்ற மாதம் எமது வானொலியில் உண்ணல் கோளாறுகள் பற்றி நான் ஆற்றிய உரையை எழுத்தில் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். அன்று நிகழ்ச்சி முடிந்த பிறகு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன: "சாப்பிடமாட்டன் எண்டு அடம்பிடிக்கிறதும் ஒரு வருத்தமோ தம்பி?" கேட்டவர்களில் ஒருவர்கூட நேரலையில் பேச விரும்பவில்லை. இரண்டு தாய்மார் வேறு யாருடையதோ பிள்ளைக்காகக் கேட்பதாகச் சொன்னார்கள். அப்படியே இருக்கட்டும். கேள்வி வந்ததே பெரிய விடயம்.

நான் வைத்தியன் அல்லன். வணிகம் படித்து, கணக்கு எழுதிச் சீவிப்பவன். இந்த வருத்தம் என் தங்கையின் வீட்டுக்குள் வந்திராவிட்டால் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன்.

2016இல் என் மருமகளுக்கு 15 வயது. ஒருநாள் அவளின் மேசையில் ஒரு கொப்பி கிடந்தது. திகதி, உணவு, அளவு, கூட்டுத்தொகை என்று கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் மீதி எழுதி, மிகச் சுத்தமாக வைத்திருந்தாள். "மாமாவைப்போலக் கணக்காளராய் வருவாய்" என்று முதுகில் தட்டினேன். அவள் சிரிக்கவில்லை. ஒருநாளில் வாய்க்குள் போன ஒவ்வொன்றையும் அவள் கடனாக எழுதிவைத்திருக்கிறாள் என்பது எனக்கு விளங்க இன்னும் ஐந்து மாதங்கள் எடுத்தன. இந்த விடயத்தை அவளின் சம்மதத்துடன்தான் எழுதுகிறேன். எடையையும் கலோரியையும் எண்களாக இந்தக் கட்டுரையில் எழுதவேண்டாம் என்பது அவள் போட்ட நிபந்தனை. அந்த எண்கள் சுகமில்லாத பிள்ளைகளுக்குப் போட்டி இலக்காகிவிடுமாம். எண்களோடு வாழும் எனக்கு அது புதிய பாடம்.

ஆங்கிலத்தில் ஈற்றிங் டிஸோடர் என்று சொல்லப்படுவதையே உண்ணல் கோளாறு என்று எழுதுகிறேன். இதில் பல வகைகள் உண்டு. உணவைக் குறைத்துக் குறைத்து, மெலிந்த பிறகும் தான் பருமன் என்றே நம்பி அஞ்சுவது அனரெக்ஸியா. கட்டுப்பாடு இழந்து நிறையச் சாப்பிட்டுவிட்டு, பயத்தில் வாந்தி எடுப்பதும், பேதிமருந்து எடுப்பதும், பட்டினி கிடப்பதும் புலிமியா. அப்படிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்காமல் வெட்கத்தில் ஒடுங்கிப்போவது பிஞ் ஈற்றிங். கடைசி வகை நடுத்தர வயதினரிடமும் ஆண்களிடமும் தாராளமாக உண்டு. இரவில் எல்லோரும் படுத்தபின் குசினிக்குள் தனியே நின்று சாப்பிடும் ஒருவரை நாம் சாப்பாட்டுப் பிரியர் என்று பகிடி பண்ணிவிட்டுப் போய்விடுகிறோம். புலிமியாவிலும் பிஞ் ஈற்றிங்கிலும் ஆளைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. எடை சாதாரணமாகவே இருக்கலாம்.

"இது வெள்ளைக்காரரின் வருத்தம்" என்று என் மைத்துனர் ஆரம்பத்தில் சொன்னார். 1988இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வு, பிராட்போர்ட் நகரில் 14 முதல் 16 வயதுவரையான மாணவிகளைப் பார்த்தது. ஆசியப் பிள்ளைகளிடம் புலிமியா வெள்ளைப் பிள்ளைகளை விடக் கூடுதலாகவே காணப்பட்டது. ஆனால் லெஸ்ரர் நகரின் உண்ணல் கோளாறுச் சேவைக்கு 15 ஆண்டுகளில் வந்தவர்களைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். அந்த நகரின் தெற்காசியச் சனத்தொகைக்கு வந்திருக்கவேண்டிய அளவுக்கு ஆசியர்கள் அங்கே வரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குத் தெரிவது இதுதான்: எங்கள் பிள்ளைகளுக்கும் வருத்தம் வருகிறது, ஆனால் அவர்கள் வைத்தியரிடம் போய்ச் சேர்வது குறைவு.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பிள்ளைகளும் "எனக்குப் பருமனாகப் பயம்" என்று சொல்வதில்லை. 1990களில் ஹொங்கொங்கில் மனநல வைத்தியர் சிங் லீ பார்த்த அனரெக்ஸியா நோயாளிகளில் பலர் வயிறு ஊதுகிறது, பசியில்லை என்றுதான் சொன்னார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 2007இல் வெளியான ஆய்விலும், உண்ணல் கோளாறோடு வந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்களிடம் காணப்பட்டது மனக்காரணத்தால் வரும் வாந்திதான். எங்கள் வீடுகளில் அது "வயித்துக்குள்ள ஏதோ செய்யுது" என்று வரும். அல்லது விரதமாக வரும். என் மருமகள் முதலில் வெள்ளிக்கிழமை மச்சம் விட்டாள், பிறகு செவ்வாயும் விட்டாள், அந்த ஆண்டு கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் என்றாள். வீட்டில் எல்லோருக்கும் பெருமை. சஷ்டி முடிந்த பிறகும் விரதம் முடியவில்லை. விரதம் பிடிப்பது வருத்தம் அல்ல. ஆனால் பாறணைக்கு மனம் வராத விரதத்தைக் கவனிக்கவேண்டும். சிகிச்சையில் இருக்கும் பிள்ளை விரதம் பிடிக்கக்கூடாது. முருகன் கோபிக்கமாட்டார்.

எங்கள் தலைமுறைக்கு இதில் ஒரு தனியான தடங்கலும் இருக்கிறது. பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்கள், 1995இல் ஒரே இரவில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்கள், 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை சோற்றுக்கோப்பையைத் தள்ளிவிடும்போது நெஞ்சு கொதிப்பது இயல்பு. என் தங்கையும் "நாங்கள் பசி கிடந்த கதை தெரியுமோ உனக்கு?" என்றுதான் கத்தினாள். பிள்ளைக்கு அந்தக் கதை நன்றாகவே தெரியும். தெரிந்ததால் குற்ற உணர்வு கூடியதே தவிர ஒரு பிடி சோறு உள்ளே போகவில்லை. "பசிச்சால் தானாய்ச் சாப்பிடுவாள்" என்ற பேச்சும் இந்த வருத்தத்தில் பொய்த்துப்போகும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். இந்த வருத்தத்தின் வரலாற்றில் பெரும்பகுதி நாம் வாழும் இந்த நகரிலேயே நடந்திருக்கிறது. அனரெக்ஸியா நெர்வோசா என்ற பெயரை 1873இல் முன்வைத்தவர் லண்டன் பிரிட்ஜ் அருகிலுள்ள கைஸ் வைத்தியசாலையின் சேர் வில்லியம் கல். நல்ல வைத்தியர், உணவூட்டுவதே முதல் மருந்து என்றவர். ஆனால் நோயாளியைப் பராமரிக்க மிகவும் பொருத்தமில்லாதவர்கள் அவரின் உறவினர்களே என்றும் எழுதிவிட்டார். அந்த எண்ணம் நூறு ஆண்டுகள் நீடித்தது. பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தியசாலையில் வைப்பதும், தாயின் வளர்ப்பில் பிழை தேடுவதும் வழக்கமாயின.

அதைத் திருப்பிப்போட்டவர்களும் லண்டன்காரர்களே. கைஸிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில், டென்மார்க் ஹில்லில் கிங்ஸ் கொலிஜ் வைத்தியசாலைக்கு எதிரே மோட்ஸ்லி வைத்தியசாலை இருக்கிறது. புலிமியாவை 1979இல் தனி நோயாக விபரித்த ஜெரால்ட் ரசல், கிறிஸ்ரோபர் டெயர், ஐவன் ஐஸ்லர் முதலியோர் அங்கே 80 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. வைத்தியசாலையில் எடை தேறி வீடு திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்குக் குடும்பத்தோடு சேர்ந்த சிகிச்சை, மற்றவர்களுக்குத் தனியாள் சிகிச்சை. 19 வயதுக்குள் அனரெக்ஸியா தொடங்கி, மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்குக் குடும்பச் சிகிச்சையே கூடுதல் பலன் தந்தது. கல் விலக்கச் சொன்ன உறவினரை மோட்ஸ்லி மேசைக்கு அழைத்து உட்காரவைத்தது. இன்று இங்கிலாந்தின் சிகிச்சை வழிகாட்டலை எழுதும் நைஸ் அமைப்பு, 2017ஆம் ஆண்டு அறிக்கையில் அனரெக்ஸியா உள்ள பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கச் சொல்வதும் இதைத்தான். பொதுவாக ஓர் ஆண்டில் 18 முதல் 20 சந்திப்புகள்.

முதல் சந்திப்பிலேயே சிகிச்சையாளர் என் தங்கையிடம் சொன்னது, "இது உங்கள் பிழையால் வந்ததல்ல, ஆனால் இதைச் சுகமாக்க நீங்கள் வேண்டும்" என்பது. தங்கை அந்த அறையிலேயே அழுதுவிட்டாள். அதற்குப் பிறகு வேலை தொடங்கியது. என்ன சாப்பாடு, எவ்வளவு என்பதைப் பெற்றோர் முடிவு செய்யவேண்டும். கோப்பையில் போடுவது பெற்றோர். மூன்று நேரச் சாப்பாடு, இடையில் சிற்றுண்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெரியவர் பக்கத்தில். கலோரி பற்றி வாதம் இல்லை. "இப்ப இதுதான் உனக்கு மருந்து, நான் பக்கத்தில் இருக்கிறன்" என்பதோடு பேச்சு நிற்கவேண்டும். சாப்பிட்ட பின் வரும் ஒரு மணிநேரம்தான் மிகக் கொடுமையானது. அந்த நேரத்துக்குக் கரம் போர்ட்டை வெளியே எடுத்தோம். உணவாலோசகருக்குப் பிட்டும் சொதியும் இடியப்பமும் தெரியாது. தங்கை ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். அந்த அம்மையார் ஆசையோடு கற்றுக்கொண்டு, பாணும் சூப்பும் என்றில்லாமல் எங்கள் சாப்பாட்டிலேயே அட்டவணை போட்டுக்கொடுத்தார்.

மைத்துனருக்கு இரவு வேலை. விடிய வீட்டுக்கு வந்து படுக்காமல் மகளோடு காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். மதியம் யார் பார்ப்பது? பாடசாலையோடு பேசியதில், ஒரு பெரியவரோடு அவள் காரில் இருந்து சாப்பிட அனுமதித்தார்கள். செவ்வாயும் வியாழனும் என் முறை. ஜனவரி மாதம், வரித் தாக்கல் நெருக்கடி, பாடசாலை வாசலில் காருக்குள் பிளாஸ்கும் சாப்பாட்டுப் பெட்டியுமாக இருப்பேன். சில நாட்களில் ஒரு கரண்டிக்குப் பத்து நிமிடம். சில நாட்களில் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். ஏசுவது வருத்தம், பிள்ளை அல்ல என்று பிரித்துப் பார்க்கச் சொல்லித்தந்திருந்தார்கள். சொல்வது சுலபம்.

ஏன் முதலில் உணவு, மனம் விட்டுப் பேசுவது பிறகு? அமெரிக்காவின் மினசோட்டாவில் 1944-45இல் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி, போருக்குப் போக மறுத்த 36 ஆரோக்கியமான ஆண்களை அவர்களின் சம்மதத்தோடு ஆறுமாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். அந்த மனிதர்கள் நாள்முழுதும் உணவையே நினைத்தார்கள், சமையல் புத்தகம் சேர்த்தார்கள், ஒரு கோப்பைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், சிடுசிடுத்தார்கள், ஒதுங்கிப்போனார்கள். அவர்களுக்கு மனநோய் இருக்கவில்லை. பட்டினியே மனத்தை அப்படி மாற்றியது. எங்கள் பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் கேக் செய்து கொடுத்துவிட்டுத் தான் தொடாமல் இருந்தது ஏன் என்று எனக்கு அதைப் படித்தபோதுதான் விளங்கியது.

மோட்ஸ்லியில் பல குடும்பங்களை ஒன்றாக இருத்தியும் சிகிச்சை செய்வார்கள். நாலு நாள் தொடர்ந்து, பிறகு இடையிடையே. ஒரு மதியச் சாப்பாட்டில் பிள்ளைகளை மாற்றிவிடுவார்களாம்: என் பிள்ளைக்குப் பக்கத்தில் நீங்கள், உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் நான். அடுத்தவர் பிள்ளையிடம் நாம் எவ்வளவு பொறுமையாக இருக்கிறோம் என்பது அப்போது தெரியவரும்.

அங்கேயே பணியாற்றிய பேராசிரியர் ஜனெற் ட்ரெஷர், பராமரிப்பவர்களுக்காக விலங்குகளை வைத்து ஒரு விளக்கம் சொல்லியிருக்கிறார். பிள்ளையைப் பையில் வைத்துப் பொத்திப் பொத்திக் காப்பது கங்காரு. வாதத்தால் முட்டி மோதுவது காண்டாமிருகம். ஒன்றும் நடக்காததுபோல மண்ணுக்குள் தலையை வைப்பது தீக்கோழி. கண்ணீரிலேயே கரைவது ஜெலிமீன். விரும்பத்தக்கது டொல்பின்: பக்கத்தில் நீந்தும், சில நேரம் முன்னால் போய் வழிகாட்டும், சில நேரம் பின்னால் வரும். எங்கள் வீட்டில் தங்கை கங்காரு, மைத்துனர் தீக்கோழி, நான் காண்டாமிருகம். டொல்பினாக இருந்தவர் 79 வயதான எங்கள் அம்மா ஒருவர்தான். பேத்திக்குப் பக்கத்தில் இருந்து தன் சாப்பாட்டைச் சாப்பிடுவார். ஒன்றும் சொல்லமாட்டார்.

எல்லோருக்கும் குடும்பச் சிகிச்சை பொருந்தாது. அது ஒத்துவராத பிள்ளைகளுக்குத் தனியாள் சிகிச்சைகள் உண்டு. வளர்ந்தவர்களுக்கு அனரெக்ஸியா என்றால், எண்ணங்களையும் பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் சீ.பி.ரீ. வகை, மோட்ஸ்லியிலேயே உருவான மன்ட்ரா என்ற முறை (எங்கள் மந்திரம் அல்ல, ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம்), இன்னும் சில உண்டு. புலிமியாவுக்கும் பிஞ் ஈற்றிங்குக்கும் வளர்ந்தவர்கள் ஒரு சுயஉதவிப் புத்தகத்தோடும் குறுகிய சந்திப்புகளோடும் தொடங்கலாம். போதாவிட்டால் சீ.பி.ரீ. மாத்திரையை மட்டும் கொடுத்து எந்த வகையையும் சுகமாக்க முடியாது. நூல் கட்டுவதும் சாதகம் பார்ப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்காக வைத்தியரிடம் போவதைப் பிற்போட்ட மாதங்கள் திரும்பிவராது.

வைத்தியசாலையில் படுக்கவைப்பது உடல் ஆபத்தில் இருக்கும்போதுதான். மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்பு, குந்தியிருந்து கைபிடிக்காமல் எழும்ப முடியாமை, தண்ணீரும் குடிக்க மறுத்தல், ரைப் 1 நீரிழிவு உள்ளவர் இன்சுலினை விடுதல், உயிரை மாய்ப்பது பற்றிப் பேசுதல்: இவை தெரிந்தால் ஏ அன்ட் ஈக்குப் போங்கள், அல்லது 999. அடிக்கடி வாந்தி எடுப்பவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே குழம்பலாம். இன்னொரு எச்சரிக்கை தாய்மாருக்கு. பல நாட்கள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர் சம்மதித்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் ஒரேயடியாக நிறையக் கொடுக்கவேண்டாம். இரத்தத்தில் பொஸ்பேற் சடுதியாக விழுந்து உயிராபத்து வரலாம். அப்படிப்பட்டவருக்கு வைத்தியரின் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்டவேண்டும்.

யாரிடம் போவது? முதலில் உங்கள் ஜீ.பி. குடிவரவு நிலை என்னவாக இருந்தாலும் ஜீ.பி.யைப் பார்ப்பது இலவசம். விசாக் கடிதம் காட்டவேண்டிய தேவையில்லை. ஈற்றிங் டிஸோடர் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லுங்கள். "சாப்பாடு குறைவு" என்றால் சத்து மாத்திரையோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். எடை இன்னும் போதியளவு குறையவில்லை என்று யாராவது சொன்னால், எடையை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது என்று நைஸ் வழிகாட்டலே சொல்வதை நினைவுபடுத்துங்கள். பிள்ளைகளுக்கு அவசரம் என்றால் ஒரு வாரத்தில், இல்லாவிட்டால் நாலு வாரத்தில் சிகிச்சை தொடங்கவேண்டும் என்பது என்.எச்.எஸ். வைத்துக்கொண்ட இலக்கு. நடைமுறையில் அது பல இடங்களில் தவறுகிறது, ஆகவே திரும்பத் திரும்ப அழையுங்கள். பல பகுதிகளில் பிள்ளைகளுக்கான சேவையைப் பெற்றோரே நேரடியாகத் தொடர்புகொள்ளலாம். மோட்ஸ்லி, ரோயல் ஃபிறீ, ரூட்டிங்கின் ஸ்பிறிங்பீல்ட், வின்சென்ற் ஸ்குவெயார் என்று லண்டனில் சேவைகள் உண்டு. எது உங்களுக்கு என்பதை முகவரியும் வயதும் தீர்மானிக்கும். ஸ்பிறிங்பீல்ட் என்றதும் ரூட்டிங் ஆட்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அங்கே போனதால் கலியாணம் குழம்பும் என்று பயந்து போகாமல் இருப்பதை விடப் போவது நல்லது. பீற் என்ற தொண்டு நிறுவனம் நோயாளிகளுக்கும் பெற்றோருக்கும் தொலைபேசி உதவி தருகிறது. மனநெருக்கடிக்கு இங்கிலாந்தில் 111 அழைத்து 2ஐ அழுத்தலாம்.

மொழிபெயர்ப்பு விடயத்தில் நாங்கள் விட்ட பிழையைச் சொல்லவேண்டும். முதல் தடவை தங்கை பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு ஜீ.பி.யிடம் போனாள். தங்கைக்கு ஆங்கிலம் குறைவு. யார் மொழிபெயர்த்தது? பிள்ளையேதான். தாய் சொன்ன "ஐந்து மாதமாய் மாதசுகம் இல்லை" என்பது அந்த அறையில் ஆங்கிலமாகவே மாறவில்லை. வைத்தியர் கேட்ட கேள்விகளும் தாய்க்கு வந்துசேரவில்லை. "எல்லாம் ஓக்கேயாம் அம்மா" என்று முடிந்தது. மூன்று மாதம் போனது. நோயாளியே மொழிபெயர்ப்பாளராக இருக்கக்கூடாது. இலவச மொழிபெயர்ப்பாளரை நேரம் குறிக்கும்போதே கேளுங்கள். தெரிந்தவர் வந்துவிடுவாரோ என்று பயமிருந்தால் தொலைபேசி மூலமான மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். வரவேற்பு மேசையில் எம்மவர் இருந்தாலும் உங்கள் விபரத்தை வெளியே சொல்ல அவருக்கு உரிமையில்லை.

சுகமாக எவ்வளவு காலம்? எங்கள் பிள்ளைக்கு எடை தேற ஏறக்குறைய ஓர் ஆண்டு. பயம் போக அதற்கு மேலும் இரண்டு. ஏ லெவல் சோதனை நேரத்தில் ஒருமுறை திரும்பிவந்தது, மறுபடியும் மேசையில் உட்கார்ந்தோம். தேறிவரும் காலத்தில் ஒரு கலியாண வீட்டில் ஒரு மாமி அன்போடு கன்னத்தைக் கிள்ளி, "இப்பதான் கொஞ்சம் சதை பிடிச்சு முகம் வடிவாய் இருக்கு" என்றார். அவர் சொன்னது பாராட்டு, இவள் காதில் விழுந்தது வேறு. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மெலிந்திருக்கிறாய், வைத்திருக்கிறாய், எந்தப் பிள்ளையிடமும் இரண்டும் வேண்டாம். "கண்டது சந்தோஷம்" என்றால் போதும்.

இதை எழுதி முடித்து அவளுக்கு அனுப்பினேன். மூன்று இடங்களில் வெட்டினாள், ஒரு இடத்தில் "காண்டாமிருகம் இன்னும் மாறவில்லை" என்று எழுதியிருந்தாள். அடுத்த மாத உரையில் பெற்றோர் அனுப்பும் கேள்விகளுக்கு, இத்துறையில் பணியாற்றும் தமிழ் பேசும் தாதி ஒருவர் பதில் சொல்ல இருக்கிறார். கேள்விகளைப் பெயரில்லாமலே நிலையத்துக்கு அனுப்பலாம். வேறொருவரின் பிள்ளைக்காக என்று எழுதினாலும் பரவாயில்லை.